கோன் எடை கழித்தா, கழிக்காமலா?

என் மேசையில் பேனாக்கள் நிற்பது ஒரு காலி நூல் கோனில். பனியன் கம்பெனிக் கணக்கில் காலம் தள்ளியவன் வீட்டில் வேறு என்ன இருக்கும்? போன வாரம் பேத்தி சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு கையில் அகப்பட்டதையெல்லாம் நிறுத்துக்கொண்டிருந்தாள். பேனாக்களைக் கொட்டிவிட்டுக் கோனையும் தராசில் ஏற்றினாள். "நாப்பது கிராம்தான் அப்புச்சி. இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

அந்த ஒன்றுமில்லாத நாற்பது கிராமுக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பூரில் ஒரு நூல் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்த புதிது. தரையில் பாய், முன்னால் சாய்வு மேசை, சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு. எனக்கு மேலே ஒரு பெரிய கணக்கர் இருந்தார். ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்பே அணா கணக்கில் கை தேர்ந்தவர். எந்தத் தொகையைச் சொன்னாலும் மனதுக்குள் ஒருமுறை அணாவாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பைசாவில் எழுதுவார். மில்லிலிருந்து வரும் மூட்டையில் 24 கோன், ஒவ்வொன்றிலும் 1.89 கிலோ நூல், ஆக மூட்டைக்கு 45.36 கிலோ. இது என்ன கோணல்மாணலான எண் என்று கேட்டேன். "நூறு பவுண்டு தம்பி" என்றார் ஐயா. "வெள்ளக்காரன் போயிட்டான். மூட்டைக்குள்ள இன்னும் உக்காந்திருக்கான்." நூலின் நம்பரும் அப்படித்தான். ஒரு பவுண்டு நூலை 840 கெஜச் சிட்டங்களாகப் பிரித்தால் எத்தனை சிட்டம் வருமோ அதுதான் அந்த நூலின் நம்பர். கிலோ வந்து எத்தனையோ காலமாகியும் முப்பதாம் நம்பர் நூல் முப்பதாம் நம்பராகவேதான் இருக்கிறது.

சண்டை வந்தது முழுக் கோனில் இல்லை. மில் மூட்டையில் நூலின் நிகர எடையைத்தான் எழுதியிருப்பார்கள். காகிதக் கோன் அந்தக் கணக்கில் சேராது. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் முடிந்து மிஞ்சும் அரைக் கோன், கால் கோன்களை மண்டியில் வாங்குவோம். அங்கேதான் வில்லங்கம். முழுக் கோனில் காகிதம் சேர்ந்துவிட்டாலும் நூற்றுக்கு இரண்டு பங்குதான். நானூறு கிராம் இருக்கிற மிச்சக் கோனில் நாற்பது கிராம் காகிதம் என்றால் நூற்றுக்குப் பத்து. ஒரு கம்பெனி முதலாளி பெரிய லாட் ஒன்றை அனுப்பினார். ரேட்டைப் போனில் பேசியாகிவிட்டது. கோனோடு நிறுத்து அவர் பில் போட்டார். கோனைக் கழித்து எங்கள் முதலாளி பணம் அனுப்பினார். "பேசின ரேட்டக் குடுக்கலீங்" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். பேசின ரேட்டைத்தான் கொடுத்தோம் என்று இவர் சொன்னார். இரண்டும் உண்மை.

ஐயா காலிக் கோன் பத்தை ஒன்றாக நிறுத்து, பத்தால் வகுத்து, ஒரு தாளில் எழுதி இரண்டு பேருக்கும் அனுப்பினார். அதற்குப் பிறகு மிச்ச நூல் வாங்கும் ஒவ்வொரு சீட்டிலும் ‘கோன் கழிவு, ஒன்றுக்கு இத்தனை கிராம்’ என்று முன்கூட்டியே எழுத வேண்டும் என்பது மண்டியின் சட்டமானது. என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரேட்டு எல்லாருத்துக்கும் ஞாபகம் இருக்கும் தம்பி. எதும்மேல ரேட்டுங்கறத நீ எழுதி வெய்யி."

வட்டிக் கணக்கு இதைவிட வேடிக்கை. எங்கள் பில்லின் அடியில் ‘30 நாளுக்கு மேல் ஒன்றரை வட்டி’ என்று அச்சிட்டிருக்கும். நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். முப்பத்தோராம் நாள் பணம் கொண்டுவருகிறவரிடம் ஒரு நாளுக்கு வட்டி வாங்குவதா, முப்பத்தோரு நாளுக்கா? நாளை எண்ணத் தொடங்குவது பில் போட்ட தேதியிலா, லாரி போய்ச் சேர்ந்த தேதியிலா? அச்சடித்த வரியில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. ஐயா மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்துக் கணக்குப் போடுவார். ஒரு லட்ச ரூபாய்க்கு 73 நாள் என்றால் 3,650 ரூபாய். ஆடிட்டர் ஆபீசிலிருந்து வரும் பையன் வருடத்துக்கு 18 சதவீதம், 365 நாள் என்று போட்டு 3,600 என்பான். ஐம்பது ரூபாய்க்கு அன்று முழுக் குடும்பமும் அன்னபூர்ணாவில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

காங்கயம் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் இந்த இரண்டு கணக்கையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குத் தமிழ் மாதம்தான். "ஆனி பொறந்தப்ப வாங்குனேன், ஆடி பொறந்துருச்சு, ஒரு மாசம். அவ்வளவுதானுங்களே?" என்பார். மார்கழி 29 நாளிலும் முடியும், ஆனி 32 வரைக்கும் இழுக்கும். கொடுக்க வேண்டியவருக்கு ஆனி பிடிக்கும், வாங்க வேண்டியவருக்கு மார்கழி. இருந்தாலும் அவரோடு ஒரு தடவைகூட மனத்தாங்கல் வந்ததில்லை. முதல் நாளே தன் கணக்கு இன்னதென்று சொல்லிவிட்டார். நாங்களும் அவர் பேரேட்டுப் பக்கத்தின் தலைப்பில் ‘தமிழ் மாதம்’ என்று எழுதி வைத்திருந்தோம். முறை விசித்திரமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே முறையாக இருந்துவிட்டால் போதும்.

பிறகு மண்டியை விட்டு ஒரு பனியன் கம்பெனிக்குப் போனேன். உள்ளூர்க் கடைகளுக்கு அனுப்பும் சரக்கில் ‘பத்தும் அஞ்சும்’ தள்ளுபடி. கடைக்காரர் பதினைந்து என்று கழித்துப் பணம் அனுப்புவார். எங்கள் கணக்கில் முதலில் பத்தைக் கழித்து, மீதியில் ஐந்தைக் கழிக்க வேண்டும். நூறு தொண்ணூறாகி, தொண்ணூறு எண்பத்தைந்தரை ஆகும். லட்சத்துக்கு ஐநூறு ரூபாய் வித்தியாசம். இதற்காக மதுரைக்கும் சேலத்துக்கும் நான் எழுதிய கார்டுகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். ஜி.எஸ்.டி. வந்தபோது இது வெறும் மனத்தாங்கலோடு நிற்கவில்லை. சரக்கு போன பின்னால் கொடுக்கும் தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து குறைக்க வேண்டுமானால், சரக்கு போகும் முன்பே அதற்கு உடன்பாடு இருந்திருக்க வேண்டும், எந்தெந்த பில்லுக்கு என்பதும் தெரிய வேண்டும் என்று விதி வந்தது. கார்டில் எழுதிச் சமாதானம் செய்த காலம் முடிந்தது.

திருப்பூரில் அதிகம் கேட்ட சண்டை சாயப்பட்டறைச் சண்டைதான். பின்னி வந்த துணி, அதாவது கிரே துணி, ஆயிரம் கிலோ போகும். சாயம் ஏறி, காய்ந்து, காம்பாக்டிங் முடிந்து வரும்போது ஐம்பது கிலோ குறைந்திருக்கும். சலவையில் மெழுகும் அழுக்கும் தூசும் போய்விடும். பிராசஸ் லாஸ் என்போம். கிலோவுக்கு நூறு ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். போன எடைக்குக் கூலியா, வந்த எடைக்கா? ஒரு லட்சமா, 95,000 ரூபாயா?

"நான் சாயத் தொட்டியில போட்டது ஆயிரம் கிலோங்க. தண்ணியும் நீராவியும் கெமிக்கலும் ஆயிரத்துக்கும் தானுங்களே செலவாச்சு?" என்பது பட்டறைக்காரர் வாதம். "எனக்கு வந்தது தொள்ளாயிரத்தி அம்பது. வராத துணிக்கு எதுக்குங்க கூலி?" என்பது கம்பெனிக்காரர் வாதம். அந்தக் கண்ணாடிக் கதவு வைத்த பட்டறை ஆபீசில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் டீ வரும்வரை நான் பேரேட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பேன். இரண்டு வாதமும் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதைச் சொல்வதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்ததா? ஐந்து சதவீத லாஸ் வரை பட்டறைக்காரர் பொறுப்பில்லை, அதற்கு மேல் போனால் துணி விலையைக் கழித்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு இருக்கும். ஐந்து சதவீதம் எல்லா நிறத்துக்கும் பொதுவா? அடர் நிறத்தில் சாயமே கொஞ்சம் எடையாக ஏறிக்கொள்ளும். வெள்ளையில் அந்தச் சலுகை இல்லை. லாட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்ப்பதா, மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதா? தனித்தனியாகப் பார்த்தால் ஒரு லாட்டில் ஏழு வந்ததற்கு அபராதம் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் அடுத்த லாட்டின் மூன்று அதைச் சரிக்கட்டிவிடும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடு பட்டறைகள் திரும்ப ஓடத் தொடங்கியபோது கூலி எகிறிவிட்டது. முன்பு சில்லறையாகக் கழிந்த கிரே எடைத் தகராறு அப்போதுதான் வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போனது.

ஈரத்தை விட்டுவிட்டேனே. பருத்தி காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் பொருள். மழை நாளில் நிறுத்த நூலும் சித்திரை வெயிலில் நிறுத்த நூலும் ஒரே எடை வராது. அதனால் நூல் வியாபாரத்தில் ஒரு பொது அளவு உண்டு: முழுக்க உலர்ந்த நூல் நூறு கிலோ என்றால் அதோடு எட்டரை கிலோ தண்ணீர் சேர்த்து 108.5 கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். இதை ஒரு மில்லின் லேபரட்டரிக்காரர் எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். எட்டரை என்பது உலர்ந்த எடைக்கு எட்டரை. ஈரத்தோடு சேர்ந்த மொத்த எடையில் பார்த்தால் அது 7.83 சதவீதம்தான். ஒப்பந்தத்தில் வெறுமனே ‘ஈரப்பதம் 8.5 சதவீதம்’ என்று எழுதிவிட்டு, எதில் எட்டரை என்று எழுதாமல் விட்டால், ஆயிரம் கிலோவுக்கு ஏழு கிலோ நூல் அந்த ஒரு வரியிலேயே ஆவியாகிவிடும். அதன்பின் நூல் வாங்கும் எந்த ஒப்பந்தம் என் கைக்கு வந்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுவேன்.

ஏற்றுமதிப் பக்கம் வந்தபோது தொகைகள் டாலருக்கு மாறின, குழப்பம் மாறவில்லை. ஒரு ஐரோப்பிய பையருக்கு 20,000 பனியன், ஒன்று மூன்று டாலர். 17,000 குறித்த தேதியில் போய்விட்டது. 3,000 மட்டும் பிரிண்டிங்கில் மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் கழித்துப் போனது. ஒப்பந்தத்தில் இருந்தது ‘தாமதத்துக்கு வாரம் 5 சதவீதம் கழிக்கப்படும்’ என்ற ஒரே வரி. ஒன்பது நாள் என்பது ஒரு வாரமா, இரண்டாவது வாரமும் தொடங்கிவிட்டதால் இரண்டா? ஐந்து சதவீதம் தாமதமான 3,000 பனியனுக்கா, ஆர்டர் முழுவதுக்குமா? எங்கள் கணக்கில் 450 டாலர். அவர்கள் கழித்தது 6,000 டாலர். அந்த ஒரு வரியில் இரண்டுக்கும் இடமிருந்தது. அடுத்த சீசன் ஆர்டரை மனதில் வைத்து முதலாளி இடையில் ஒரு தொகைக்குத் தலையாட்டினார். எவ்வளவு என்று சொல்ல எனக்கு இப்போதும் மனசில்லை.

வங்கி வழியாகப் பணம் வரும் எல்.சி.யில் பரவாயில்லை. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை இதற்கென்றே விதிகளை எழுதி வைத்திருக்கிறது. 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த யு.சி.பி. 600 என்ற அந்தச் சிறு புத்தகத்தை ஒரு வங்கி மேனேஜர் எனக்குக் கொடுத்தார். நாவல் படிப்பதுபோல் படித்தேன். அளவுக்கு முன்னால் ‘சுமார்’ என்று போட்டிருந்தால் பத்து சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். மாதத் தொடக்கம் என்றால் 1 முதல் 10 வரை, நடு மாதம் 11 முதல் 20 வரை, மாதக் கடைசி 21-லிருந்து முடிவு நாள் வரை. கப்பலேற்றிய தேதியிலிருந்து 90 நாளில் பணம் என்றால் அந்தத் தேதியை எண்ணக்கூடாது. அதே ‘இந்தத் தேதியிலிருந்து’ என்பது சரக்கு ஏற்றும் காலத்தைக் குறித்தால் அந்தத் தேதியும் சேரும். சண்டை போட்டுச் சலித்த மனிதர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய புத்தகம் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

வங்கியிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். ரூபாய்க் கடனுக்கு வருடம் 365 நாள். டாலர் கடனுக்கு வருடம் 360 நாள், ஆனால் கடன் இருந்த நாட்களை மட்டும் உள்ளபடி எண்ணுவார்கள். ஒரு லட்சம் டாலருக்கு 6 சதவீதத்தில் 90 நாள் என்றால் 1,500 டாலர். ரூபாய் முறையில் போட்டிருந்தால் 1,479.45. எங்கள் ஐயா முப்பது நாள் மாதத்தை வைத்துக்கொண்டு ஆடிட்டர் பையனோடு மல்லுக்கட்டியதும் இதே 360-க்காகத்தான். அவர் இருந்திருந்தால் டாலர்காரன் என் பக்கம் என்று மார்தட்டியிருப்பார்.

6,000 டாலர் விவகாரத்தின்போது கோவையில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். மேசை நிறைய கட்டு, நடுவில் வெற்றிலைப் பெட்டி. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைப் பிரித்து 29-ஆம் பிரிவைக் காட்டினார். அர்த்தம் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. அதற்குச் சட்டமே உதாரணம் கொடுத்திருக்கிறது: நூறு டன் எண்ணெய் விற்கிறேன் என்று ஒருவன் ஒத்துக்கொள்கிறான், என்ன எண்ணெய் என்று இல்லை, செல்லாது. என் வெள்ளைக் குதிரையை ஐநூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ தருகிறேன் என்கிறான், செல்லாது. ஆயிரம் மணங்கு அரிசியை, இன்னார் நிர்ணயிக்கும் விலைக்குத் தருகிறேன் என்றால் செல்லும். விலை இன்று தெரியாவிட்டாலும் அதைக் கண்டுபிடிக்கும் வழி தெரிகிறதே. "உங்க கேஸ் வெள்ளைக் குதிரை அளவுக்கு மோசமில்ல. ஆனா ரெண்டு பக்கமும் வாதாடலாம். அதான் ஆபத்து" என்றார். 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் தொட்டுக்காட்டினார்: விலையையோ அதைக் கணக்கிடும் முறையையோ ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எதுவும் இல்லாமல், பழைய நடப்பிலிருந்தும் தெரியாவிட்டால், நியாயமான விலை. நியாயம் எது என்று முடிவாவதற்குள் பனியன் பேஷன் மாறிவிடும் என்று முதலாளி முணுமுணுத்தார்.

கிளம்பும்போது அந்த வக்கீல் சொன்ன யோசனை இன்றுவரை எங்கள் பக்கத்தில் புழக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டு வையுங்கள். ஆயிரம் கிலோ போனது, 950 வந்தது, ரேட் இவ்வளவு, கழிவு இவ்வளவு, ஆக பில் இவ்வளவு என்று எண்களோடு. வரியில் எழுதும்போது கண்ணில் படாத ஓட்டை, கணக்குப் போடும்போது தானாகத் தெரியும். பைசாவை எந்தப் படியில் முழு ரூபாயாக்குவது என்பதுகூட அங்கேதான் ஞாபகம் வரும். நான் உடனே ஒரு கேள்வி கேட்டேன்: வரியும் மாதிரிக் கணக்கும் முரண்பட்டால்? அவர் சிரித்து, "அதையும் ஒரு வரி எழுதீருங்க, எது செல்லும்னு" என்றார். எங்கள் தாள்களில் கணக்கே செல்லும் என்று எழுதினோம். பட்டறைக்காரருக்கும் நிட்டிங்காரருக்கும் வரியைவிட எண் எளிதில் புரிந்தது.

வேலையை விட்ட பிறகும் பழக்கத்தில் சில பேர் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். 2022-ல் பருத்தி விலை கண்டிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியபோது தினம் ஒருவர் வந்தார். நூல் விலை ஏறினால் பனியன் விலையும் ஏறும் என்று சூத்திரம் போட்டு எழுதியிருந்தார்கள். எந்த நாள் நூல் விலை? ஆர்டர் வந்த நாளா, நூல் வாங்கிய நாளா, மாதச் சராசரியா? எந்த மில் பட்டியல்? ஒன்றும் இல்லை. ஒரு பஞ்சு வியாபாரி கண்டி என்றால் 356 கிலோ என்றார், வாங்கியவர் 784 பவுண்டு, அதாவது 355.62 கிலோ என்றார். நூறு கண்டிக்கு 38 கிலோ, அன்றைய விலையில் பத்தாயிரத்துக்கு மேல். பவுண்டு அங்கேயும் உட்கார்ந்திருந்தது.

இப்போது சிறு தொழில்காரர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்தில் எத்தனை நாள் போட்டுக்கொண்டாலும் பணம் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் அசலோடு சேர்ந்து ஏறும் கூட்டு வட்டி. நாளை எண்ணத் தொடங்குவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து. இந்தக் கெடுவைத் தாண்டிப் பாக்கி நிற்கும் தொகையைச் செலவாகக் காட்ட வருமான வரியிலும் 2023-24 நிதியாண்டிலிருந்து தடை வந்ததால், மார்ச் மாதம் ஆடிட்டர்களே வாங்கின தேதியைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். ஐயா காலத்தில் லாரி ரசீதைக் கணக்கர்கள்தான் பத்திரமாக வைத்திருப்போம். இன்று அதைத் தேடி முதலாளிகள் அலமாரியைக் கவிழ்க்கிறார்கள்.

ஜாப் ஒர்க் கொடுப்பவரோ வாங்குபவரோ இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தாளை எடுத்து மூன்று இடம் பாருங்கள்: கூலி கிரே எடைக்கா, முடிந்த எடைக்கா, லாஸ் லாட் வாரியா, மாத வாரியா, நாளை எண்ணுவது எந்தத் தேதியிலிருந்து. இல்லையென்றால் இந்த மாதமே, இரண்டு பேரும் நல்ல முகத்தோடு இருக்கும்போதே, ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் கீழே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாக்கி ஏறிய பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.